திறமூல ரூபி நூலகங்களும் ரூபோகாப் சார்பும்

முன்னுரை

அச்சேறும் நூலுக்கு மெய்ப்புப் பார்ப்பதுபோல், நிரலின் எழுத்துநடையைச் சரிபார்க்கவும் கருவிகள் உள்ளன. யுகிஹிரோ மாட்சுமோட்டோ உருவாக்கி 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ரூபி மொழிக்கு அத்தகைய கருவியாக விளங்குவது ரூபோகாப். பொஜிதார் பாட்சோவ் 2012இல் தொடங்கிய இத்திறமூலக் கருவியைப் பல ரூபி நூலகங்கள் சார்ந்துள்ளன. அச்சார்பின் வகைகளையும், அதனால் எழும் இடர்களையும், அவற்றைக் களையும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ரூபோகாப் செயற்படும் முறை

ரூபோகாப் நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை. அதனைத் தொடரியல் மரமாகப் பகுத்து விதிகளோடு ஒப்பிடுகிறது. விதி ஒவ்வொன்றும் 'காப்', அதாவது காவலர், எனப்படும். சரத்திற்கு ஒற்றை மேற்கோள் இடுவதா, இரட்டை மேற்கோள் இடுவதா என்பது நடை பற்றிய விதி. மதிப்பளித்தும் பயன்படுத்தப்படாத மாறியைச் சுட்டுவது பிழை பற்றிய விதி. முன்னது மரபு சார்ந்தது. பின்னது நிரலின் சரித்தன்மை சார்ந்தது.

சார்பின் இரு வகைகள்

ரூபி நூலகம் 'ஜெம்' எனப்படும். ரூபோகாப்-ரெயில்ஸ், ரூபோகாப்-ஆர்ஸ்பெக், ஸ்டாண்டர்டு ஆகிய ஜெம்கள் ரூபோகாப் இன்றி இயங்கா. இஃது இயக்கநேரச் சார்பு. நாள் கணக்கிடும் ஒரு நூலகமோ தன்னை உருவாக்குவோரின் வசதிக்காக மட்டுமே அதனை நாடுகிறது. இது மேம்பாட்டுச் சார்பு. இரண்டாம் வகையை முதல் வகையாக அறிவித்துவிட்டால், அந்நூலகத்தை நிறுவும் ஒவ்வொருவரும் தமக்குத் தேவையற்ற ரூபோகாப்பையும் நிறுவ நேரிடும். ஒரு செயலியில் ஒரு ஜெம்மின் ஒரு பதிப்பையே பண்ட்லர் ஏற்கும் என்பதால், பதிப்பு முரண்களும் தோன்றும்.

எழும் இடர்கள்

ரூபோகாப்பின் புதிய பதிப்பில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தால், நூலகத்தின் ஒரு வரியும் மாறாத நிலையிலேயே தானியங்கிச் சோதனை தோல்வியுறும். சிறு பிழையொன்றைத் திருத்த முன்வரும் புதிய பங்களிப்பாளர், தாம் எழுதாத வரிகளுக்காகத் தடுக்கப்படுகிறார். ஊதியமின்றி நூலகத்தைப் பேணுவோரின் நேரமும் வீணாகிறது. 2020 அக்டோபரில் வெளியான 1.0 பதிப்பு இவ்விடரைப் பெரிதும் குறைத்தது. அதன்பின் சேர்க்கப்படும் விதிகள், பயனர் விரும்பி ஏற்றாலன்றி, அடுத்த பெரும்பதிப்பு வரை நிலுவையில் வைக்கப்படுகின்றன. எனினும் பழைய விதிகள் திருத்தப்படும்போது புதிய எச்சரிக்கைகள் எழக்கூடும்.

மற்றோர் இடர் ரூபியின் பதிப்பு பற்றியது. ரூபோகாப் 1.0 இயங்க ரூபி 2.4 போதுமானதாக இருந்தது. பிற்காலப் பதிப்புகளுக்கு 2.7 தேவை. எனவே பழைய ரூபிப் பதிப்புகளிலும் தம் நூலகத்தைச் சோதிப்போருக்கு, ரூபோகாப்பை நிறுவும் படியே தடையாகிறது.

களையும் வழிகள்

ரூபோகாப்பைத் தனிக்குழுவில் வைத்து, புதிய ரூபிப் பதிப்பு ஒன்றில் மட்டும் இயக்கலாம். இலக்குப் பதிப்பை அமைவுக் கோப்பில் குறித்தால் பழைய ரூபிக்குரிய நிரலையும் அது சரிபார்க்கும். ரூபோகாப்பின் பதிப்பை வரையறுத்து, உயர்த்தும் பணியைத் தனி மாற்றமாகச் செய்யலாம். பழைய நிரலின் மீறல்களைத் தற்காலிக விலக்குப் பட்டியலில் இட்டுப் படிப்படியாகத் திருத்தலாம்.

முடிவுரை

நடைச்சரிபார்ப்பு நூலகத்தை எழுதுவோரின் ஒழுங்குக்குரியது. அதன் சுமை நூலகத்தைப் பயன்படுத்துவோர்மீது ஏறுதல் கூடாது. சார்பை உரிய வகையில் அறிவிப்பதும், பதிப்பு உயர்வைத் திட்டமிட்டுச் செய்வதும் இருசாராருக்கும் நலம் பயக்கும்.