லூலே கல்லும் புகைக்குழலும்

துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரைச் சூழ்ந்த நிலத்தடியில் வெண்ணிறக் கல்லொன்று கட்டி கட்டியாகக் கிடைக்கிறது. 'கடல்நுரை' எனப் பொருள்படும் 'மீர்ஷாம்' என்னும் பெயரை ஜெர்மானியர் அதற்கு இட்டனர். துருக்கியரோ 'லூலேதாஷி' என்பர். லூலே என்பது புகைக்குழலின் கிண்ணப் பகுதி. தாஷ் என்றால் கல். கைத்தொழிலே கல்லுக்குப் பெயர் தந்துவிட்டது!

மக்னீசியம் கலந்த இக்கனிமம் ஈரமாக இருக்கும்வரை கத்திக்கு இணங்கும். எனவே கைவினைஞர் அதனை நீரில் ஊறவைத்தே வேலையைத் தொடங்குவர். மேற்புறத்தைச் சீவி, விரிசலும் கறையும் இல்லாத பகுதியைத் தேர்ந்து, கிண்ணத்தையும் புகைவழியையும் குடைவர். தலைப்பாகை அணிந்த முகமோ, முட்டையைப் பற்றிய கழுகின் நகமோ, பூங்கொடியோ கத்திமுனையில் உருப்பெறும். பின்பு உலர்த்தித் தேய்த்து, உருகிய தேன்மெழுகில் தோய்த்தெடுப்பர். நுண்துளைகள் நிறைந்த கல்லாதலால், புகைக்கப் புகைக்க அதன் வெண்மை பொன்னிறமாகிப் பின் செம்பழுப்பாகும். செதுக்கியவன் காணாத நிறத்தை, வாங்கியவன் பல்லாண்டு கழித்துக் காண்கிறான்.

19ஆம் நூற்றாண்டில் இக்கல் பெருமளவில் செதுக்கப்படாமலேயே வியன்னா சென்றது. வேலைப்பாட்டின் புகழும் வருவாயும் அந்நகருக்கே சேர்ந்தன. 1970களில் துருக்கி அரசு கச்சாக் கல்லின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. மிகவும் தாமதித்த நடவடிக்கை என்றே கூறவேண்டும்.

புகையிலையைப் பற்றிய மார்க்க விவாதமும் உஸ்மானியர் ஆட்சியில் கடுமையாகவே நடந்தது. சுல்தான் நான்காம் முராத் ஹிஜ்ரி 1043இல் (கி.பி. 1633) அதனைத் தடுத்து, மீறியோருக்கு மரண தண்டனை விதித்தார். பின்னர் ஷைகுல் இஸ்லாம் பஹாயி எஃபெந்தி அது ஆகுமென ஃபத்வா வழங்கினார். திமிஷ்கின் பேரறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ அதற்கு ஆதரவாகத் தனி நூலே இயற்றினார். புகையின் தீங்கை மருத்துவம் மெய்ப்பிக்காத காலத்துத் தீர்ப்புகள் அவை. அவற்றை இன்று சான்றாகக் காட்டுவது முறையன்று. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 1995இல் புகைத்தலை ஹராம் என அறிவித்தது.

அவ்வாறாயின் இக்கலையின் கதி என்ன? எஸ்கிஷெஹிர்க் கைவினைஞர் இக்கல்லில் தஸ்பீஹ் மணிகளும் அணிகலன்களும் செய்கின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆயினும் மணி கடைவதற்கு, தலைப்பாகையின் மடிப்பையும் தாடியின் இழையையும் பிரித்துக் காட்டும் கை தேவையில்லை. அக்கைத்திறன் குழலோடு சேர்ந்து மறையலாகாது. அதனைத் தாங்கும் வேறொரு பொருளை அவர்கள் இனித்தான் கண்டறிய வேண்டும். பழைய குழல்கள் சில, அந்நகரின் குர்ஷுன்லு பள்ளிவாசல் வளாகத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன.