குண்டுப் பையனைப் பட்டினி போடாதீர்கள்! வீடே மாறினால் உடம்பும் மாறும்

ஆரணி, பட்டுச்சேலைக்குப் பேர் போன ஊர் என்பார்கள். இது அந்த ஆரணி அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தை அடுத்த ஆற்றங்கரை ஆரணி.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகும் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையோடு இருக்க நேரம் இல்லை. அதற்கு ஈடாகக் கையில் 10 ரூபாய்! சிப்ஸ், கலர், ராத்திரி பரோட்டா பார்சல்.

"புள்ள கொழுகொழுன்னு இருந்தாத்தான் அழகு" என்பார் ஆயா. தெருப் பையன்களோ "டேய் குண்டா!" என்பார்கள். வெட்கப்பட்டு விளையாட்டையே விட்டுவிடுகிறான் பையன். அப்புறம் டி.வி.யும் செல்போனும்தான். உடம்பு மேலும் ஏறுகிறது!

39 கோடி பேர்

2022-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 5 முதல் 19 வயதுக்குள் 39 கோடிப் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவர்களுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு வரும் ஆபத்து அதிகம். கழுத்தைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்தாலோ, தூக்கத்தில் பலத்த குறட்டை விட்டாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதற்காகப் பட்டினி போடக்கூடாது. வளருகிற பிள்ளை! உயரம் கூடும்போது எடை ஏறாமல் நின்றாலே பலருக்குப் போதும்.

அவனுக்கு மட்டும் கஞ்சியா?

பையனுக்குக் கஞ்சி, மற்றவர்களுக்குப் பரோட்டா என்றால் நடக்குமா? திருட்டுத்தனமாகத்தான் தின்பான். அப்பா, அம்மா, ஆயா எல்லோரும் ஒரே சாப்பாட்டுக்கு மாற வேண்டும்.

300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை. அதாவது 6 டீஸ்பூன்! அதற்குப் பதில் நீர்மோர். சிப்சுக்குப் பதில் சுண்டல், கொய்யா.

தினமும் 1 மணி நேரம் ஓடியாட வேண்டும். கபடியோ, சைக்கிளோ, எதுவானாலும் சரி. லீவு நாளில் அப்பாவும் கூட இறங்கினால், கேலிக்குப் பயந்த பையனுக்கும் தைரியம் வரும்.

கடைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது. இது 2020-ம் ஆண்டு மத்திய விதி.

டானிக் வேண்டாம். ஜிம் வேண்டாம். "குண்டா" என்று கூப்பிடுவதை வீட்டில் இன்றைக்கே நிறுத்துங்கள். அதற்குக் காசு செலவில்லை!