கீசரில் தண்ணீர் சொட்டுகிறதா? வால்வை அடைக்காதீர்கள்!

மார்கழிக் குளிர் வந்துவிட்டால் பெங்களூரில் வெந்நீர் இல்லாமல் வேலைக்குக் கிளம்ப முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கீசர் ஒழுகத் தொடங்கும். "தொட்டி போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று பழுது பார்க்க வந்தவர் சொல்லிவிட்டால், மாதச் சம்பளக்காரருக்கு அது பெரிய அடி. வாடகை வீடென்றால் செலவு யாருடையது என்று வீட்டுக்காரரோடு தகராறு வேறு!

ஒழுகும் கீசர் எல்லாமே கெட்டுப்போன கீசர் அல்ல. முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, தண்ணீர் எந்த இடத்தில் கசிகிறது என்று பார்க்க வேண்டும்.

குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில் சிறிய வால்வு ஒன்று இருக்கும். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ கால் லிட்டர் கூடும். தொட்டியில் அதற்கு இடமில்லை. வந்த குழாய் வழியே திரும்பிப் போகவும் வால்வு விடாது. எனவே அழுத்தம் ஏறியதும் வால்வு திறந்து, கூடுதல் நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. சூடேறும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிட்டால் அது பழுதே அல்ல.

இது தெரியாமல் சிலர் அதில் ஆப்பு அடித்து விடுகிறார்கள். இதைவிட ஆபத்து வேறில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பழுதானால், அழுத்தம் வெளியேற வழியின்றித் தொட்டி வெடிகுண்டுபோல் வெடிக்கலாம். சொட்டும் நீர் தொல்லையாக இருந்தால், வால்வில் ஒரு டியூபைச் செருகி அதன் மறுமுனையைத் திறந்தபடியே வாளியில் விடலாம். ஆறிய பிறகும் ஓயாமல் சொட்டினால் வால்வில் மணலோ உப்போ சிக்கியிருக்கலாம். வால்வை மட்டும் மாற்றினால் போதும்.

குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷர் வேலைதான். கீழ் மூடி வழியாகக் கசிந்தால் ஹீட்டர் காயிலின் கேஸ்கட் போயிருக்கலாம். அங்கேதான் மின்கம்பிகள் இருக்கின்றன. எர்த் சரியில்லாத வீட்டில் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை சுவிட்சைப் போடவே கூடாது.

துருநிறத் தண்ணீர் வந்து, தொட்டியே ஓட்டையாகிக் கசிந்தால்தான் புதிது வாங்க வேண்டும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். தொட்டிக்குப் பதிலாக அது கரையும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் அடிக்கடி பார்ப்பது நல்லது. அடுத்த முறை கீசரைக் கழற்றும்போது, "கம்பி எவ்வளவு மிச்சம் இருக்கிறது?" என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வைக்கலாம்.