சாவி 1954-இல், பத்திரம் 1962-இல்
புதுச்சேரி எல்லை வழக்கு தீர்ந்த கதை

மண்டியில் இரண்டு பேருக்குள் கணக்கு வழக்கு வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை நடுவில் உட்கார வைத்துப் பேசுகிறோம். நம் புதுச்சேரியும் அப்படிப் பேசித் தீர்த்த ஒரு வழக்குதான். இந்தியாவும் பிரான்சும் ஏழு ஆண்டுகள் பேசின. அந்த ஏழு ஆண்டுகளும் கடைத்தெருவைப் பாதித்தன. ஆகவே வணிகர்களாகிய நாம் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உப்பில் தொடங்கிய கணக்கு

1814-ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கிடைத்தது ஒரே நிலப்பரப்பாக இல்லை. நடுநடுவே ஆங்கிலேயர் கிராமங்கள் இருக்க, துண்டு துண்டாகவே கிடைத்தது. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் சரக்கு கொண்டு போகும் அன்பர்களுக்கு இது தெரியும். ஊர்ப்புறச் சாலைகளில் புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் இன்றும் மாறி மாறி வருகின்றன.

கோடு போட்ட மறு ஆண்டே வியாபாரம் குறுக்கே வந்தது. 1815-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், பிரெஞ்சுப் பகுதியில் விளையும் உப்பை வாங்கும் தனி உரிமையை ஆங்கிலேயர் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் தர ஒப்புக்கொண்டார்கள். மளிகைக் கடையின் மிக மலிவான சரக்குக்காக இரண்டு வல்லரசுகள் பத்திரம் எழுதின!

சாவடிகள் முளைத்தன

1941-இல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. அதனால் எல்லை தாண்டிச் சரக்கு போவதில் பெரிய தடை இல்லாதிருந்தது. 1949 மார்ச் முடிவில் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அதன் பின் சாலைதோறும் சுங்கச் சாவடி, சோதனை, சீட்டு என்று நிலைமை மாறியது. துறைமுகத்தில் வெளிநாட்டுச் சரக்கு இறங்கியதால் கள்ளக்கடத்தலும் பெருகியது. அதில் சிலர் கொழுத்தது உண்மை. ஆனால் அரிசியும் பருப்பும் விற்றுப் பிழைத்த நேர்மையான கடைக்காரருக்கு வண்டி எப்போது வரும் என்ற கவலையே மிச்சம். 1954-இல் இந்திய அரசு எல்லைக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியபோது இந்தச் சிரமம் உச்சத்துக்குப் போனது.

நடுவர்கள் கண்டது

மக்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று 1948 ஜூனில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. அதன்படி சந்திரநாகூர் 1949-இல் வாக்களித்து இந்தியாவோடு சேர்ந்தது. புதுச்சேரியில் வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. சர்வதேச நீதிமன்றத்தின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் 1951-இல் இங்கு வந்து பார்த்தார்கள். பயமின்றி வாக்களிக்கும் சூழ்நிலை இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. நடுவர் தீர்ப்புச் சொல்லவில்லை. நிலைமையை உள்ளபடி சொன்னார். அதுவே பெரிய உதவி. வாக்கெடுப்பு யோசனையை இந்தியா பின்னர் கைவிட்டது.

இங்கேதான் முடிச்சு இறுகியது. மக்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக் கொடுக்கக் கூடாது என்பது பிரெஞ்சு அரசியல் சட்டம். வாக்கெடுப்பே வேண்டாம், ஆட்சியை ஒப்படையுங்கள் என்றது இந்தியா. 1954 மார்ச் 18-இல் புதுச்சேரியும் சுற்றுப்புறக் கொம்யூன்களும் இணைப்புத் தீர்மானம் போட்டன. நெட்டப்பாக்கத்தில் விடுதலைக் கொடி ஏறியது. பாரிசில் நடந்த பேச்சு அந்த ஜூன் மாதத்தில் முறிந்தது.

கீழூரில் அவிழ்ந்த முடிச்சு

பிரான்சில் மெண்டஸ் பிரான்ஸ் பிரதமரான பிறகு வழி பிறந்தது. மக்கள் எல்லோரும் வாக்களிக்க வேண்டாம். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வாக்களிக்கட்டும். பிரான்சுக்குச் சம்மதம் கேட்டதாக ஆயிற்று, இந்தியாவுக்குப் பொது வாக்கெடுப்பு தவிர்ந்தது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு 170 வாக்கு, எதிராக 8. அக்டோபர் 21-இல் டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது.

கடைச் சாவி கைக்கு வந்துவிட்டது. பத்திரம்? 1956 மே 28-இல் உடன்படிக்கை கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962-இல்தான் ஒப்புதல் தந்தது. அந்த ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி இணைந்தோம். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளும் ஊர் குழப்பமின்றி நடந்ததற்குக் காரணம், பழைய சட்டம் எவ்வளவு தொடரும், யார் எதற்குப் பொறுப்பு என்று 1954-லேயே எழுதி வைத்ததுதான்.

கல்லாவில் உட்காரும் நமக்கு

2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் பெரும்பாலான சரக்குக்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே வரி. பெட்ரோலும் மதுவும் அதில் சேராததால் அவற்றின் விலையில் பழைய கோடு இன்னும் தெரிகிறது.

பங்காளி பிரிவினையோ, கடை கைமாற்றமோ, பாக்கித் தகராறோ, நம்மிடமும் இதே வழக்குகள்தான். எதிராளி தன் சொல்லைக் காப்பாற்றிக்கொள்ளவும் ஒரு வழி விட்டுப் பேசினால் முடிச்சு அவிழும். சாவி கைக்கு வந்த அன்றே, பத்திரம் முடியும் வரை யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு ஆண்டு ஒரு ஊரைக் காப்பாற்றிய முறை, எட்டு மாதம் ஒரு கடையைக் காப்பாற்றாதா?