பூம்புகார் – கோடியக்கரைக் கடற்கரைச் சுற்றுலா

பூம்புகார் – கோடியக்கரைக் கடற்கரை என்பது தமிழ்நாட்டின் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் வங்காள விரிகுடாவை ஒட்டி ஏறத்தாழ 100 கி.மீ. நீளும் பகுதியாகும். இடையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் உள்ளது. சோழர் துறைமுகம், டேனியர் கோட்டை, உப்புச் சத்தியாகிரகக் களம், பறவைகள் கூடும் சதுப்புநிலம் ஆகியவை அடுத்தடுத்து அமைந்திருப்பதால், ஒரு வார விடுமுறைக்கு ஏற்ற பகுதி இது.

ஏற்ற காலம்

சனவரி, பிப்ரவரி மாதங்களே சிறந்தவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் பயணத்தைத் தடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகங்கள் ஓய்ந்திருக்கும். வெயிலும் கடுமையாக இருக்கும். ஆகத்து 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நடைபெறும். அந்நாட்களில் தங்குமிடம் கிடைப்பது அரிது.

ஏழு நாள் திட்டம்

முதல் நாள் – பூம்புகார்: காவிரி கடலில் கலக்கும் இடம். சிலப்பதிகாரக் கதையைச் சிற்பங்களாகக் காட்டும் கலைக்கூடம் இங்குள்ளது. பழைய நகரின் பெரும்பகுதி இன்று கண்ணுக்குப் புலப்படாது. அருகிலுள்ள கீழையூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கல் படகுத்துறையும், பல்லவனீச்சரத்தில் உள்ள புத்த விகாரை எச்சமும் அதன் பழமைக்குச் சான்றுகள்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள் – தரங்கம்பாடி: தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்பாட்டின்படி டேனியர் 1620-இல் டேன்சுபோர்க் கோட்டையைக் கட்டினர். 1706-இல் வந்த சீகன்பால்க் இங்கு அச்சகம் நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்டார். 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது. டேனியர் 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

நான்காம் நாள் – நாகூர், நாகப்பட்டினம்: ஐந்து மினாராக்கள் கொண்ட நாகூர் தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக வழங்கினான். விகாரம் இன்று இல்லை. நாகையில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஐந்தாம் நாள் – வேளாங்கண்ணி: மாதா பேராலயமும் கடற்கரையும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அடங்குவர்.

ஆறாம் நாள் – வேதாரண்யம்: இராசாசி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட தொண்டர்கள், ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பு அள்ளினர். அங்கு நினைவுத்தூண் உள்ளது. சுற்றிலும் உப்பளங்களைக் காணலாம்.

ஏழாம் நாள் – கோடியக்கரை: 1967-இல் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. வெளிமான்களும், குளிர்காலத்தில் பூநாரை உள்ளிட்ட வலசைப் பறவைகளும் காணப்படும். விடியற்காலையில் சென்றால் பறவைகளை நன்கு பார்க்கலாம், தொலைநோக்கி உதவும்.

கடலில் கவனம்

இக்கடற்கரையில் அலை அமைதியாகத் தோன்றினாலும் அடியில் இழுப்பு இருக்கும். கரையில் மோதிய நீர் ஒரு குறுகிய வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும்போது இழுப்பு நீரோட்டம் உண்டாகிறது. அலைகள் உடையாமல், நீர் கலங்கித் தெரியும் இடைவெளி அதன் அடையாளமாக இருக்கலாம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் விரைவில் களைத்துவிடுவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்தபின் கரை திரும்ப வேண்டும். மற்றவர்கள் வெறுங்கையுடன் கடலில் பாயாமல், கயிறு, காலிக் குடம் போன்ற மிதக்கும் பொருளை எறிந்து உதவ வேண்டும். முகத்துவாரங்களிலும் தடுப்புக் கற்களின் அருகிலும் குளிக்கக் கூடாது. எங்கே இறங்கலாம் என்பதை உள்ளூர் மீனவர்களிடம் கேட்டறிவது நல்லது.

நிலநடுக்கம் உணரப்பட்டாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் உடனே மேடான இடத்திற்குச் செல்ல வேண்டும். 2004-இல் உள்வாங்கிய கடலைப் பார்க்க நின்ற பலர் தப்ப இயலாமல் போயினர்.

பயண வசதி

மயிலாடுதுறை, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களில் தொடருந்து நிலையங்கள் உள்ளன. ஊர்களுக்கிடையே பேருந்துகள் ஓடுகின்றன. தரங்கம்பாடியிலும் வேளாங்கண்ணியிலும் தங்கிக்கொண்டு மற்ற இடங்களுக்குச் சென்றுவந்தால் நாள்தோறும் மூட்டை கட்டும் தொல்லை இல்லை.

கடற்கரை மீனவர்களின் பணியிடமும் ஆகும். காயும் வலையை மிதிக்காமலும், அனுமதியின்றிப் படம் எடுக்காமலும், சிதைந்த சுவர்களிலிருந்து ஓடு, செங்கல் எதையும் எடுக்காமலும் இருப்பது பயணிகளின் கடமை. கடல் ஏற்கெனவே பலவற்றைக் கொண்டுவிட்ட இக்கரையில், எஞ்சிய ஒவ்வொரு கல்லும் அடுத்த தலைமுறைக்கான சான்றாகும்.