இரவு வேட்டையில் விளக்கும் வண்ணக் கண்ணாடியும்

இருளில் வேட்டைக்குச் செல்பவனுக்கு விளக்கு துணையாகவும் இருக்கிறது, பகையாகவும் இருக்கிறது. விளக்கில்லையேல் அவன் விலங்கைக் காண இயலாது. விளக்கை ஏற்றினாலோ விலங்கு அவனைக் கண்டுகொள்கிறது. இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கும் பொருட்டே விளக்கின் முகப்பில் வண்ணக் கண்ணாடியைப் பொருத்தும் வழக்கம் தோன்றிற்று. சிவப்புக் கண்ணாடியே சிறந்தது என்பர் ஒரு சாரார். பச்சையே நன்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டில் எது மெய்? விலங்கின் கண், மனிதனின் கண், விளக்கின் இயல்பு ஆகிய மூன்றையும் அறிந்தாலன்றி இதற்கு விடை கூற முடியாது.

இவ்வினா பெரிதும் எழும் நாடுகளுள் நியூசிலாந்து ஒன்று. மனிதர் குடியேறுவதற்கு முன் அத்தீவுகளின் நிலப்பரப்பில் வௌவால்களைத் தவிர வேறு பாலூட்டி விலங்குகள் இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் முயலையும் செம்மானையும் அங்கே கொண்டுபோய் விட்டனர். ஆஸ்திரேலியாவின் மரவாழ் பிராணியாகிய போசம் என்பது, மென்மயிர்த் தோல் வணிகத்தின் பொருட்டு அழைத்து வரப்பட்டு 1858-இல் வேரூன்றியது. கங்காருவின் சிற்றினமாகிய வாலபியும் அவ்வாறே வந்து சேர்ந்தது. இயற்கைப் பகைவர் இல்லாமையால் இவை பல்கிப் பெருகின. முயல் ஆட்டுப் பண்ணைகளின் புல்லைத் தின்று நிலத்தைப் பாழாக்குகிறது. போசம் காட்டு மரங்களின் தழையை மொட்டையடிப்பதோடு, பறவைகளின் முட்டைகளையும் உண்கிறது. கால்நடைகளுக்குக் காசநோயையும் பரப்புகிறது. போசம், எலி, கீரியை ஒத்த ஸ்டோட் முதலியவற்றை 2050-ஆம் ஆண்டிற்குள் நாட்டிலிருந்து அறவே நீக்குவது என்று அந்நாட்டு அரசாங்கம் 2016-இல் அறிவித்தது.

இவற்றுட் பல இரவில் இரை தேடுபவை. ஆகவே அங்குள்ள பண்ணையாளருக்கு இரவு வேட்டை வெறும் பொழுதுபோக்கு அன்று. பயிரையும் கால்நடையையும் காக்கும் தொழிலின் ஒரு பகுதியாகும்.

கண்ணின் இருவகை அணுக்கள்

விழித்திரையில் ஒளியை உணரும் அணுக்கள் இருவகைப்படும். ஒன்று கோலணு, மற்றொன்று கூம்பணு. கோலணு மங்கிய ஒளியிலும் தொழிற்படும். ஆனால் நிறத்தை அறியாது. கூம்பணுவுக்கு மிகுந்த ஒளி வேண்டும். நிறத்தைப் பகுத்தறிவது அதுவே.

கோலணு மனிதனுக்கும் முயலுக்கும் மானுக்கும் ஏறக்குறைய ஒரே தன்மையது. 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளியே அதை மிகவும் தூண்டுகிறது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பொளி கோலணுவை மிகச் சிறிதளவே தூண்டுகிறது.

வேற்றுமை கூம்பணுவில்தான் உள்ளது. மனிதனின் கண்ணில் மூவகைக் கூம்பணுக்கள் உண்டு. அவை முறையே 420, 530, 560 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை நன்கு உணர்பவை. முயல், மான், வாலபி ஆகியவற்றுக்கோ இருவகையே உண்டு. 1992-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெண்வால் மான்களின் கண்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவற்றின் நீண்ட அலைக் கூம்பணு 537 நானோமீட்டரிலேயே உச்சம் அடைவதைக் கண்டனர். வாலபியினத்தில் நிகழ்ந்த ஆய்வும் இதையொட்டிய அளவையே தந்தது. செந்நிறத்திற்கென்று மனிதன் பெற்றுள்ள மூன்றாம் வகை இவ்விலங்குகளிடம் இல்லை.

சிவப்புக் கண்ணாடியின் முழு இரகசியமும் இதுதான். சிவப்பொளியை மனிதன் தன் மூன்றாம் கூம்பணுவால் காண்கிறான். மானுக்கும் வாலபிக்கும் அவ்வொளி மிகவும் மங்கித் தோன்றுகிறது. ஆனால் 'மங்கித் தோன்றுகிறது' என்பதை 'தோன்றவே இல்லை' என்று கொள்வது பெரும் பிழை. ஒளி போதிய அளவு வலிமையுற்றால் சிவப்பையும் விலங்கு காணும். அருகில் நின்று வலிய சிவப்பு விளக்கை அதன் முகத்திற்கு நேரே பாய்ச்சினால், கண்ணாடி பொருத்தியதன் பயன் பெரும்பாலும் அற்றுப்போகும்.

பச்சையின் செய்தி வேறு. கடைகளில் விற்கும் பச்சை விளக்குகள் பெரும்பாலும் 520 முதல் 530 நானோமீட்டர் வரையிலான ஒளியைத் தருபவை. இஃது ஏறத்தாழ மானின் கூம்பணு உச்சமடையும் இடமே. கோலணுவும் இதை நன்கு உணர்கிறது. ஆகவே பச்சை ஒளி வேட்டைக்காரனை மறைப்பதில்லை. அது விரும்பப்படுவதற்குக் காரணம், மனிதனின் கண்ணும் பச்சையை நன்கு உணர்வதேயாகும். குறைந்த மின்னாற்றலில் தொலைவிலுள்ள பொருளும் தெளிவாகத் தெரிகிறது. இளமஞ்சள் ஒளி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. நீல ஒளியோ விலங்கின் கண்ணுக்கு மிக எளிதில் புலப்படுவது. தேடும் விளக்குக்கு அது ஏற்றதன்று.

சிவப்பொளிக்கு மற்றொரு நன்மையும் உண்டு. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் சென்ற கண் முழுமையாக இருளுக்குப் பழக அரைமணி நேரத்திற்கு மேலாகிறது. ஒரு கணம் வெள்ளொளி பட்டாலும் அப்பழக்கம் குலைந்துபோகிறது. கோலணுவைச் சிறிதே தூண்டும் சிவப்பு அதைப் பெரிதும் குலைப்பதில்லை. மாலை மயங்கும் வேளையில் தோட்டத்துச் செம்மலர் கறுத்து, நீலமலர் பொலிவதன் காரணமும் கோலணுவின் இத்தன்மையே. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை எடுத்துரைத்தவர் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே.

தொலைவும் ஒளியும்

விளக்கு வாங்குவோர் பலர் பெட்டியின்மேல் அச்சிட்ட லூமன் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகின்றனர். லூமன் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் சொரியும் ஒளியின் மொத்த அளவு. ஒரு திசையில் அது எவ்வளவு குவிந்து செல்கிறது என்பதைக் கூறுவது கேண்டலா என்னும் அளவாகும். வேட்டைக்கு வேண்டுவது பின்னதே. லூமன் மிகுந்திருந்தும் ஒளி பரந்து சிதறும் விளக்கு, காலடியை நன்கு காட்டும்; மலைச்சரிவின் எதிர்ப்புறத்தைக் காட்டாது.

ஒளி தொலைவின் வர்க்கத்திற்கேற்பக் குறைவது. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். கைவிளக்கு செய்வோர் கைக்கொள்ளும் ஒரு நியமப்படி, முழுநிலவின் ஒளியை ஒத்த கால் லக்ஸ் ஒளி விழும் இடமே விளக்கின் எல்லை. 40,000 கேண்டலா உடைய விளக்கின் எல்லை இக்கணக்கில் 400 மீட்டர். அதன்மேல், ஒளியில் நான்கில் ஒரு பங்கை மட்டும் வெளியே விடும் கண்ணாடியைப் பொருத்தினால், எல்லை 200 மீட்டராகச் சுருங்கும். எல்லை என்பதும் ஏதோ ஒன்று நிற்பது தெரியும் தொலைவேயன்றி, அஃது இன்னதென்று அறியும் தொலைவன்று. அறிவதற்கு அதிற் பாதியும் போதாது என்பது அனுபவசாலிகள் கருத்து.

வண்ணக் கண்ணாடி புதிதாக எந்த நிறத்தையும் உண்டாக்குவதில்லை. விளக்கிலுள்ள பிற நிறங்களை விழுங்கிவிட்டுத் தன் நிறத்தை மட்டும் வெளியே விடுகிறது. ஆகவே எந்த விளக்கின்மேல் அதைப் பொருத்துகிறோம் என்பது முக்கியமாகிறது. பழைய ஹாலஜன் விளக்கில் சிவப்பு நிறைய உண்டு. சிவப்புக் கண்ணாடி அதற்குப் பொருந்தும். ஆயினும் அவ்விளக்கின் வெப்பத்தில் பிளாஸ்டிக் தகடு உருகிவிடக்கூடும், கண்ணாடியே வேண்டும். இக்காலத்து வெள்ளை எல்.இ.டி. விளக்கு, நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைத் தடவிச் செய்யப்படுவது. அதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதன்மேல் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால் ஒளியின் பெரும்பகுதி வீணாகும். சிவப்பு வேண்டுவோர் சிவப்பொளியையே தரும் எல்.இ.டி. விளக்கை வாங்குவது நன்று.

கண் மட்டும் தெரிந்தால்

இரவு வேட்டைக்காரன் முதலில் காண்பது விலங்கின் உடலை அன்று. பளிச்சிடும் இரு கண்களையே. மான், ஆடு, மாடு, நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஆடி போன்ற ஒரு படலம் உள்ளது. விழித்திரையைக் கடந்து சென்ற ஒளியை அது திருப்பி அனுப்பி, மங்கிய ஒளியிலும் பார்வைக்கு உதவுகிறது. வெளியே தெரியும் பளபளப்பு அத்திரும்பிய ஒளியே. முயலுக்கும் பன்றிக்கும் இப்படலம் இல்லை. ஆயினும் வலிய விளக்கில் அவற்றின் கண்ணும் செம்மையாகத் தோன்றலாம்.

இங்கேதான் அபாயம் உள்ளது. கண்ணின் நிறத்தைக் கொண்டே விலங்கைச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகின்றனர். அந்நிறம் பார்க்கும் கோணத்திற்கும் தொலைவிற்கும் ஏற்ப மாறுவது. வண்ணக் கண்ணாடி பொருத்திவிட்டாலோ எல்லாக் கண்களும் அக்கண்ணாடியின் நிறத்திலேயே மின்னும். பண்ணையில் மேயும் ஆடும், காவல் நாயும், வேட்டைக்குரிய மானும் ஒன்றுபோலவே தோன்றும். உடைந்த போத்தலின் துண்டும் மின்னும். மனிதன் நெற்றியில் அணிந்த விளக்கும் மின்னும்.

2010-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூசிலாந்தின் வட தீவில், வனப் பூங்கா ஒன்றின் முகாமிடத்தில் இளம்பெண் ஒருவர் இரவில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் ஒரு சிறு விளக்கு இருந்தது. விளக்கு பாய்ச்சி மான் தேடி வந்த ஒருவர், அந்த ஒளியை மானின் கண் என்று கருதிச் சுட்டார். அப்பெண் உயிரிழந்தார், சுட்டவர் சிறை சென்றார். பொதுமக்கள் செல்லும் அரசாங்கப் பாதுகாப்பு நிலங்களில் விளக்கு பாய்ச்சி வேட்டையாடலாகாது என்பது அந்நாட்டு வேட்டை அனுமதியின் நிபந்தனை. இரவு வேட்டை தனியார் பண்ணைகளில் உரிமையாளரின் இசைவுடன் நடைபெற வேண்டியது. அந்நாட்டின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழனுள் நான்காவது, சுடவிருக்கும் பொருள் இன்னதென்று ஐயத்திற்கு இடமின்றி அறிந்துகொள்ள வேண்டும் என்பது. ஐந்தாவது, அதற்கு அப்பால் யார், எது உள்ளது என்று பார்க்க வேண்டும் என்பது. வெப்பத்தைக் காட்டும் இக்காலக் கருவிகளை வைத்திருப்போரும் இவ்விதிகளுக்கு விலக்கானவர் அல்லர். சூடான உடல் ஒன்று அங்கே இருக்கிறது என்பதை எளிதில் காட்டும் அக்கருவி, அவ்வுடல் யாருடையது என்பதைச் சொல்லத் தவறலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, ஒரே விளக்கு எல்லா வேலைக்கும் பொருந்தாது என்பது தெளிவாகும். தேடுவதற்கு ஒன்று, அறிவதற்கு ஒன்று என இரு விளக்குகள் தேவை. வெளிச்சத்திற்கு மிரளும் விலங்கை அருகிலிருந்து தேடுவதற்குச் சிவப்பு ஏற்றது. திறந்த புல்வெளியில் தொலைவில் தேடுவதற்குப் பச்சையோ வெள்ளையோ பயன்படும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருத்தல் நன்று. விளக்கைத் தலைக்குமேல் உயர்த்தி ஏற்றி, ஒளிக்கற்றையின் மங்கிய ஓரம் மட்டும் விலங்கின்மேல் படுமாறு மெல்லத் தாழ்த்தினால் அது விரைவில் மிரள்வதில்லை. காற்றின் திசையையும் காலடி ஓசையையும் கவனியாதவனுக்கு எந்த வண்ணமும் உதவாது. விலங்கு மூக்காலும் செவியாலும் அவனை அறிந்துவிடும். விளக்கைக் கண்டதும் வெடியோசை கேட்டுத் தப்பிய முயல், அடுத்த முறை எந்த விளக்கைக் கண்டாலும் ஓடும்.

இரண்டாவது விளக்கு வெள்ளொளி தருவதாக இருத்தல் வேண்டும். தலை, காது, உடல், கால் ஆகிய முழு உருவத்தையும், அதற்குப் பின்னால் உள்ள நிலத்தையும் அதனால் பார்த்த பிறகே விரல் விசையைத் தொட வேண்டும். காயமுற்ற விலங்கைத் தேடிச் செல்வதற்கும் வெள்ளொளியே வேண்டும். சிவப்பொளியில் குருதித் துளி, உலர்ந்த சருகோடும் மண்ணோடும் கலந்து மறைந்துவிடும். விலங்கோ புதரில் கிடந்து துன்புறும்.

அந்த வெள்ளொளியில் விலங்கு ஓடிவிடுமே என்று கேட்பாரும் உண்டு. ஓடட்டும். தப்பிய முயலை மற்றொரு நாள் தேடலாம்; தவறிப் புறப்பட்ட குண்டைத் திரும்பப் பெற முடியாது. வண்ணக் கண்ணாடியின் பயன் விலங்கை நெருங்குவதோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வேட்டைக்காரனுக்கு வேண்டுவது தன்னை மறைக்கும் ஒளியன்று, எதிரே நிற்பதை உள்ளவாறு காட்டும் ஒளியேயாகும்.