தேனீயின் நலமே தொழிலின் மூலதனம்

தேனீ வளர்ப்புக்குக் கடன் கோருவோர் பெட்டி, சட்டம், தேன் பிழியும் கருவி ஆகியவற்றின் விலையைத் தவறாது கணக்கிடுகின்றனர். பெட்டிக்குள் வாழும் தேனீக்களின் உடல்நலமே உண்மையான மூலதனம் என்பதைப் பலர் கருதுவதில்லை.

வட இந்தியாவில் இத்தாலியத் தேனீ வளர்ப்போர், குளிர்காலத்தில் இராஜஸ்தானின் கடுகு வயல்களுக்கும், வசந்தத்தில் பீகாரின் முசாபர்பூர் லிச்சித் தோப்புகளுக்கும் பெட்டிகளை லாரிகளில் கொண்டு செல்கின்றனர். பூக்கள் அருகிவிடும் மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு ஊட்டுகின்றனர். பாகு பசியைத் தணிக்கும். ஆனால் அதில் புரதம் இல்லை. தேனீக்குப் புரதம் தருவது மகரந்தமே. அது குறைந்தால் உடலின் கொழுப்புத் திசு நலிகிறது. நோய் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குவது அத்திசுவே. வரோவா என்னும் உண்ணி உண்பதும் அதையே. உடன் வைரசுகளையும் அது பரப்புகிறது. எனவே, பட்டினியும் உண்ணியும் சேரும்போது கூட்டம் விரைந்து அழிகிறது.

வெப்பமும் ஒரு சுமையே. புழுக்கள் வளரும் அடையை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியசில் வைத்திருக்க, கடுங்கோடையில் தேனீக்கள் நீர் கொணர்ந்து சிறகால் விசிறுகின்றன. தேன் சேர்க்க வேண்டிய உழைப்பு இதிலேயே செலவாகிறது.

தேனீக்கள் மடிந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை. ஆகவே நிழல், தூய நீர், மகரந்த மாற்றுணவு, உண்ணிச் சோதனை ஆகியவற்றுக்கான செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்வகைப் பூக்கள் உள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள்.